வாசல் ஒலிம்பிக்: ஒரு நாள், எட்டுப் போட்டிகள், மூன்று தலைமுறை

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் மச் வென்லாக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த வில்லியம் பென்னி புரூக்ஸ் என்ற மருத்துவர் 1850இல் ஊர்மக்களுக்காக ஒரு விளையாட்டு விழாவைத் தொடங்கினார். கிரிக்கெட், கால்பந்து, ஓட்டம், தாண்டல் எல்லாம் நடந்தன. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை உருட்டும் பந்தயமும் இருந்தது. வயதான பெண்களுக்குத் தனியாக ஓர் ஓட்டம் வைத்தார்கள். முதலில் வந்தவருக்கு ஒரு பவுண்டு தேயிலை பரிசு.

1890இல் பிரான்சிலிருந்து பியர் தெ கூபர்தான் என்ற இளைஞர் அந்த ஊருக்கு வந்தார். புரூக்ஸுக்கு அப்போது 81 வயது. விருந்தினருக்காக ஊரார் விளையாட்டுகளை நடத்திக் காட்டினார்கள். கூபர்தான் முன்னின்று உருவாக்கிய நவீன ஒலிம்பிக் 1896 ஏப்ரலில் ஏதென்ஸில் முதன்முறையாக நடந்தது. புரூக்ஸுக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நான்கு மாதங்களுக்கு முன்பு, 1895 டிசம்பரில் காலமாகிவிட்டார். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் சின்னப் பொம்மைக்கு ‘வென்லாக்’ என்று பெயர் வைத்தது இந்த ஊரின் நினைவாகத்தான்.

கோடை விடுமுறையிலோ பொங்கலுக்கு மறுநாளோ வாசலில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, அக்கா தம்பி சித்தப்பா அத்தை எல்லாரையும் கூட்டி ஓடவிடும் குடும்பம், உலகப் போட்டி முளைத்த அதே மண்ணில்தான் நிற்கிறது. ஆனால் வீட்டுப் போட்டிக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஆறு வயதுப் பேத்தி, கல்லூரியில் படிக்கும் பேரன், நாற்பது வயது மாமா, எழுபது வயதுத் தாத்தா நால்வரும் ஒரே கோட்டில் நின்றால், எட்டுப் போட்டியிலும் பேரனே ஜெயிப்பான். மூன்றாவது பந்தயத்திலேயே குழந்தை அழத் தொடங்கும். பெரியவர்கள் நாற்காலியை நிழலுக்கு இழுத்துக்கொள்வார்கள். நான்காவதில் ஆளே இருக்காது.

இந்தச் சிக்கலுக்குச் சர்வதேச விளையாட்டு உலகம் பல விடைகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கொடி, தீபம், பதக்கம் இவற்றோடு அந்த விடைகளையும் வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

நாளும் இடமும்

இடம் போதாது என்ற கவலைதான் முதலில் வரும். 2020 மே 3ஆம் தேதி, கொரோனா முடக்கத்தின் நடுவே, கோலூன்றித் தாண்டலில் உலகின் முன்னணி வீரர்கள் மூவர் தத்தம் வீட்டுத் தோட்டத்திலிருந்தே போட்டியிட்டார்கள். ஸ்வீடனின் அர்மாண்ட் டுப்ளாண்டிஸ், பிரான்சின் ரெனோ லாவில்னி, அமெரிக்காவின் சாம் கென்ட்ரிக்ஸ். குறுக்குக் கம்பி 5 மீட்டர் உயரத்தில். 30 நிமிடத்தில் யார் அதிக முறை தாண்டுகிறார்கள் என்பதுதான் போட்டி. டுப்ளாண்டிஸும் லாவில்னியும் தலா 36 முறை, கென்ட்ரிக்ஸ் 26 முறை. வெற்றியை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். இருக்கும் இடத்துக்கு ஏற்ற விதியை அவர்கள் வகுத்துக்கொண்டதுதான் வீட்டுப் போட்டி நடத்துபவர் கவனிக்க வேண்டியது.

வண்டி வராத தெருமுனை, வீட்டுக்குப் பின்னால் உள்ள காலிமனை, கதிரடிக்கும் களம், குடியிருப்பின் விளையாட்டு இடம், கடற்கரை மணல் எதுவானாலும் போதும். 25 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கிடைத்தால் இங்கே சொல்லும் எட்டுப் போட்டிகளையும் நடத்திவிடலாம். மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள் மட்டுமே. கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரமானாலும் அங்கே ஓட்டமும் எறிதலும் கூடாது.

தமிழ்நாட்டு வெயிலில் காலை 11 முதல் பிற்பகல் 3 மணி வரை திறந்த வெளியைத் தொடவே வேண்டாம். காலை 6.30 முதல் 9 வரை ஒரு சுற்று, மாலை 4.30 முதல் 6.30 வரை ஒரு சுற்று. இடைப்பட்ட நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கூடத்தில் ஆடும் விளையாட்டுக்கும்.

அணிகளும் நாடுகளும்

ஒவ்வொரு வீடும் ஒரு அணி என்று பிரித்தால் பழைய மனத்தாங்கல்கள் ஆடுகளத்துக்கு வந்துவிடும். வீடுகளைக் கலைத்து, வயதைக் கலந்து பிரிப்பதே நல்லது. எல்லார் பெயரையும் வயது வரிசையில் எழுதி, நான்கு பேராகக் கோடு போட்டு, ஒவ்வொரு நால்வரிலிருந்தும் சீட்டுக் குலுக்கி ஒருவரை ஒரு அணிக்கு அனுப்பலாம். பன்னிரண்டு பேர் இருந்தால் மூவர் கொண்ட நான்கு அணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர், ஒரு நடுவயதுக்காரர், ஒரு குழந்தை.

அணிக்கு நாட்டுப் பெயர் வைக்கும்போது அமெரிக்கா, சீனா என்று போகாமல் சின்ன நாடுகளை எடுத்தால் குழந்தைகளுக்குச் சொல்லக் கதை கிடைக்கும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சான் மரினோ மூன்று பதக்கங்களை வென்றது. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 34,000; தமிழ்நாட்டின் ஒரு சிறு நகராட்சி அளவு. அதே டோக்கியோவில் பெர்முடா தன் முதல் தங்கத்தை மும்முனைப் போட்டியில் ஃப்ளோரா டஃபி மூலம் பெற்றது. 2024 பாரிஸில் பெண்கள் 100 மீட்டரை வென்ற ஜூலியன் ஆல்ஃபிரட் செயின்ட் லூசியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார். மும்முறைத் தாண்டலில் தியா லஃபாண்ட் டொமினிக்காவுக்கு அதையே செய்தார். நான்கு அணிக்கும் நான்கு நாடு ஆயிற்று. முந்தைய நாள் மாலை பழைய வேட்டித் துணியில் அந்தக் கொடிகளை வரையும் வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிட்டால், பெரியவர்கள் நிம்மதியாகச் சமையல் பட்டியல் போடலாம்.

சமன் செய்யும் கணக்கு

வீட்டுப் போட்டியின் உயிர் இந்தப் பகுதியில்தான். மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு போட்டிக்கும் எந்த வழி என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.

முதல் வழி, முன்னால் விடுவது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டாவெல் என்ற ஊரில் 1878 முதல் ஈஸ்டர் நாட்களில் ஒரு புகழ்பெற்ற ஓட்டம் நடக்கிறது. 120 மீட்டர், புல்தரை. ஓடுபவரின் திறனைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் தொடக்கக் கோடு மாறும். வேகமானவர் பின்னால் நின்று துரத்துவார். வீட்டில் இதைக் கோடு மாற்றாமல் நேரத்தை வைத்தே செய்யலாம். முந்தைய நாள் ஒருமுறை எல்லாரையும் ஓடவிட்டு நேரம் குறிக்க வேண்டும். எட்டு வயதுச் சிறுமிக்கு 14 விநாடி, அவளுடைய அண்ணனுக்கு 8 விநாடி ஆகிறது என்றால், அவள் புறப்பட்டு 6 விநாடி கழித்து அவன் புறப்பட வேண்டும். எல்லைக்கோட்டில் இருவரும் ஏறத்தாழ ஒன்றாக வந்து முட்டுவார்கள். பார்க்கிற பாட்டி எழுந்து நின்றுவிடுவார்.

இரண்டாவது வழி, சொந்த அளவை மிஞ்சுவது. முந்தைய நாள் ஒவ்வொருவரும் மூன்று முறை தாண்ட வேண்டும். அதில் சிறந்தது அவருடைய அடிப்படை அளவு. போட்டி நாளில் அதைவிட எத்தனை விழுக்காடு கூடுகிறது என்பதே மதிப்பெண். 92 செ.மீ. தாண்டிய சிறுவன் 101 தாண்டினால் கிட்டத்தட்ட 9.8 விழுக்காடு. 190 தாண்டிய சித்தப்பா 198 தாண்டினால் 4.2 விழுக்காடு. வெற்றி சிறுவனுக்கு. முந்தைய நாள் வேண்டுமென்றே குறைவாகத் தாண்டும் தந்திரத்துக்கு இடம் தரக் கூடாது. பாராலிம்பிக்கில் உடல்நிலைப் பிரிவு பார்க்கும்போது திறனை வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவது கடுமையான குற்றம். வீட்டிலும் அது தகுதிநீக்கத்துக்குரிய ஒரே குற்றமாக இருக்கட்டும்.

மூன்றாவது வழி, முன்கூட்டிச் சொல்வது. ‘நான் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவர 4 நிமிடம் 20 விநாடி’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டு, கைக்கடிகாரமும் கைப்பேசியும் இல்லாமல் நடந்து வர வேண்டும். சொன்ன நேரத்துக்கு மிக அருகில் வருபவரே வெற்றியாளர். தினமும் காலை நடை போகும் தாத்தாக்கள் இந்தப் போட்டியில் பெரும்பாலும் யாரையும் அருகில் விடமாட்டார்கள்.

எட்டுப் போட்டிகள்

*நின்ற இடத்து நீளத் தாண்டல்.* ஓடிவராமல், இரு காலும் சேர்த்து நின்ற இடத்திலிருந்து தாவுவது. 1900 முதல் 1912 வரை இது ஒலிம்பிக் போட்டியாகவே இருந்தது. அமெரிக்காவின் ரே யூரி 1904இல் 3.47 மீட்டர் தாவினார். சிறுவயதில் போலியோவால் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தவர் அவர். தரையில் 3.47 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு அவர் பெயரை எழுதி வைத்தால், நாள் முழுக்க யாராவது அதன் முன் நின்று வியந்துகொண்டிருப்பார்கள். மணலோ மண்ணோ இருக்கும் இடத்தில் மட்டும் நடத்தலாம். இரண்டாவது வழி இதற்குப் பொருந்தும்.

*காகித ஈட்டி.* நான்கு தாள் செய்தித்தாளை இறுக்கமாகச் சுருட்டி, நூலால் மூன்று இடத்தில் கட்டினால் ஈட்டி. முனையில் கொஞ்சம் பஞ்சும் பசைநாடாவும். மூன்று எறிதல், கோட்டை மிதித்தால் அந்த எறிதல் செல்லாது. டோக்கியோவில் நீரஜ் சோப்ரா தங்கம் வென்ற தூரம் 87.58 மீட்டர். அதைத் தெருவில் நடந்து அளந்து காட்டினால் குழந்தைகள் வாயடைத்துப்போவார்கள்.

*தட்டெறிதல்.* இரண்டு காகிதத் தட்டுகளை முகத்தோடு முகம் வைத்து ஒட்டினால் வட்டு. பாக்குமட்டைத் தட்டு வேண்டாம், அதன் விளிம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. காற்றில் தட்டு எங்கெங்கோ திரும்புவதால் இதில் பலசாலிக்குத் தனிச் சலுகை கிடைப்பதில்லை. சமன் செய்யும் கணக்கே தேவையில்லை.

*போச்சா.* 1984 முதல் பாராலிம்பிக்கில் உள்ள ஆட்டம். ஒரு வெள்ளைப் பந்தை உருட்டிவிட்டு, அதற்கு மிக அருகில் தங்கள் பந்துகளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். உட்கார்ந்தபடியே ஆடுவது. வீட்டில் வெள்ளைப் பந்துக்குப் பதில் ஒரு எலுமிச்சம்பழம். பழைய காலுறைகளில் புளியங்கொட்டையோ மணலோ நிரப்பி முடிச்சுப் போட்டால் பந்து. ஒரு பக்கத்துக்கு ஆறு. முழங்கால் வலி உள்ள பாட்டிகளும் ஐந்து வயதுக் குழந்தைகளும் சரிக்குச் சரியாக மோதும் ஆட்டம் இதுதான்.

*சலங்கைப் பந்து.* சர்வதேசப் பெயர் கோல்பால். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவானது. 1976இல் பாராலிம்பிக்கில் சேர்ந்தது. அணிக்கு மூவர். எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொள்வார்கள். பந்துக்குள் மணி இருக்கும். ஓசையைக் கேட்டு உடலால் தடுக்க வேண்டும். துணிப்பந்துக்குள் நான்கைந்து சலங்கை மணிகளை வைத்துத் தைத்தால் வீட்டுப் பந்து தயார். உருட்ட மட்டுமே வேண்டும், தூக்கி எறியக் கூடாது. பந்து உருளும்போது பார்வையாளர்கள் மூச்சுக் காட்டக் கூடாது என்பது விதி. பேசியே பழகிய நம் குடும்பங்களுக்கு இந்த மௌனம்தான் பெரிய சவால்.

*அமர்ந்து ஆடும் வாலிபால்.* பாராலிம்பிக்கில் ஆண்களுக்கு வலை உயரம் 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். வீட்டில் ஒரு கொடிக்கயிற்றில் பழைய புடவையை மடித்துப் போட்டால் வலை. பந்துக்குப் பதில் பலூன். தரையில் பாயை விரித்து, உட்கார்ந்த இடுப்பு தரையை விட்டு எழாமல் ஆட வேண்டும். வேட்டியும் புடவையும் கட்டியவர்களும் தயங்காமல் கலந்துகொள்வார்கள். மாடியில் நடத்தக்கூடியது இதுவும் போச்சாவும்தான்.

*கலப்புத் தொடர் ஓட்டம்.* ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 4×400 மீட்டர் தொடர் ஓட்டம் டோக்கியோவில்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது. யார் எப்போது ஓடுவது என்பதை அப்போது அணியே முடிவு செய்தது. வீட்டில் ஒவ்வொரு அணியிலும் மூன்று தலைமுறை இருக்கும். பெரியவரை முதலில் விடுவதா, கடைசியில் விடுவதா என்று அணி கூடிப் பேசுவதே பாதி ஆட்டம். தாத்தாவோ பாட்டியோ ஓட வேண்டாம், அவர்கள் பங்கு 10 மீட்டர் நடை. உண்மையான ஓட்டக் குச்சி 28 முதல் 30 செ.மீ. நீளம் இருக்கும், அதே நீளத்துக்குச் சுருட்டிய செய்தித்தாள் போதும். பூரிக்கட்டையைத் தேடி யாரும் சமையலறைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*கயிறு இழுத்தல்.* 1900 முதல் 1920 வரை இதுவும் ஒலிம்பிக்கில் இருந்தது என்று சொன்னால் பலரும் நம்பமாட்டார்கள். இதை நாளின் கடைசிப் போட்டியாக வைப்பது நல்லது. எண்ணிக்கையைப் பார்க்காமல் எடையைப் பார்த்துச் சமன் செய்யலாம்: இரு பக்கமும் மொத்த எடை ஒன்றாகும்வரை குழந்தைகளை அங்குமிங்கும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். தடிமனான பருத்திக் கயிறோ தேங்காய்நார்க் கயிறோ வேண்டும். கை எரியாமல் இருக்கத் துண்டைச் சுற்றிப் பிடிக்கலாம். நைலான் கயிறு கூடவே கூடாது. கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ ஒருபோதும் சுற்றக் கூடாது. 1997இல் தைபே நகரில் நடந்த மாபெரும் கயிறு இழுத்தலில் கயிறு அறுந்து இருவருடைய கை துண்டானது.

மழை வந்துவிட்டால் கூடத்துக்குள் கர்லிங். குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிடும் ஆட்டம். மொசைக் தரையிலோ சிவப்புக் காவித் தரையிலோ சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் வரைந்து, எவர்சில்வர் மூடிகளைச் சறுக்கவிடலாம். தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

உறியடி, சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சை போன்ற பொங்கல் விளையாட்டுகளும் குடும்பத்துக்குப் பிடித்தவையாக இருந்தால் இரண்டைச் சேர்த்துக்கொண்டு, மேலுள்ளவற்றில் இரண்டை எடுத்துவிடலாம். மொத்தம் எட்டுக்கு மேல் போனால் மாலைக்குள் முடியாது.

நாடாவும் கடிகாரமும்

குடும்பத்துக்குள் சண்டை வருவது பெரும்பாலும் அளவில்தான். ‘எனக்குக் குறைத்துப் போட்டுவிட்டார்கள்’ என்ற ஒரு சொல் போதும், நாள் கெட்டுவிடும். அதனால் நடுவர் வெளியாளாக இருப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அண்ணனின் நண்பர் யாராவது.

தாண்டலில், கோட்டுக்கு மிக அருகில் உடல் பதித்த தடத்திலிருந்து அளப்பதுதான் சர்வதேச விதி. முன்னால் குதித்துவிட்டுப் பின்னால் கையூன்றினால், கை ஊன்றிய இடத்திலிருந்துதான் அளவு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியபோது, அங்கே வைத்திருந்த ஒளியியல் அளவுக் கருவி அவ்வளவு தூரத்துக்கு எட்டவில்லை. கடைசியில் எஃகு நாடாவைக் கொண்டுவந்துதான் அளந்தார்கள். அன்றுவரை இருந்த உலக சாதனையைவிட 55 செ.மீ. அதிகம். கொத்தனார் வைத்திருக்கும் 5 மீட்டர் எஃகு நாடாவை ஒருநாள் இரவல் வாங்கினால் வீட்டுப் போட்டிக்குத் தாராளம்.

கையால் நேரம் குறிக்கும்போது ஒரு ஓட்டத்துக்கு மூன்று கைப்பேசிகள். இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் இருப்பது. இரண்டே கைப்பேசி இருந்து அவை மாறுபட்டால், கூடுதலாகக் காட்டுவது. தடகளத்தில் கைக்கடிகாரத்துக்கு வகுத்திருக்கும் விதியே இது. ‘ஓடு’ என்று கத்துவதோடு கையிலிருக்கும் துண்டையும் கீழே வீச வேண்டும். நேரம் குறிப்பவர்கள் துண்டைப் பார்த்துத்தான் கைப்பேசியை அழுத்த வேண்டும். தூரத்தில் நிற்பவருக்கு ஓசை கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

சமனாக முடிந்தால்? 2021 ஆகஸ்ட் 1ஆம் தேதி டோக்கியோவில் உயரம் தாண்டலில் கத்தாரின் முதாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்கோ தம்பேரியும் 2.37 மீட்டரில் சமமாக நின்றார்கள். 2.39இல் இருவருமே மூன்று முறையும் தவறவிட்டிருந்தார்கள். இன்னொரு தாண்டல் வைக்கலாம் என்று அதிகாரி சொன்னபோது, இரண்டு தங்கம் தர முடியுமா என்று பர்ஷிம் கேட்டார். முடியும் என்றதும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வீட்டிலும் அதே விதி: இருவரும் சம்மதித்தால் இரண்டு தங்கம், ஒருவர் மறுத்தாலும் மறு தாண்டல்.

புள்ளியும் பதக்கமும்

நான்கு அணி என்றால் ஒவ்வொரு போட்டிக்கும் 4, 3, 2, 1 என்று புள்ளி. கடைசி இடத்துக்கும் ஒன்று உண்டு. சுழியம் யாருக்கும் இல்லை. தங்கத்தின் எண்ணிக்கையை வைத்து வரிசையா, மொத்தப் புள்ளியை வைத்தா என்ற கேள்விக்குக் காலையிலேயே பதில் சொல்லிவிட வேண்டும். ஒலிம்பிக் போட்டி வீரர்களுக்கு இடையிலானது, நாடுகளுக்கு இடையிலானது அல்ல என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு தன் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.  விரும்பும் குடும்பம் அணிகளின் மொத்தக் கணக்கைக் கைவிட்டு, தனித்தனிப் பதக்கங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1896 ஏதென்ஸில் முதலிடத்துக்கு வெள்ளிப் பதக்கமும் ஆலிவ் கிளையும்தான். தங்கம் 1904இல் வந்தது. டோக்கியோவில் ஜப்பானியர்கள் பழைய கைப்பேசிகளிலிருந்தும் மின்னணுக் கருவிகளிலிருந்தும் பிரித்தெடுத்த உலோகத்தில் எல்லாப் பதக்கங்களையும் செய்தார்கள். இந்த ஒரு தகவலைச் சொன்னால் போதும், குழந்தைகள் வீட்டுக் குப்பையைக் கிளறத் தொடங்கிவிடுவார்கள். அட்டைப்பெட்டியில் 7 செ.மீ. வட்டம் வெட்டி, சாக்லேட் சுற்றிய தங்கத்தாளும் சமையலறை வெள்ளித்தாளும் ஒட்டலாம். மூன்றாவதற்குப் பழுப்புக் காகிதம். ஆலிவ் கிளைக்குப் பதில் தென்னங்கீற்றில் முடைந்த தலைப்பட்டை. அதை முடையத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், முந்தைய நாள் மாலை அவரைச் சுற்றித்தான் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும்.

தொடக்க விழா

பத்து நிமிடம் போதும், ஆனால் விட்டுவிடக் கூடாது. அணிவகுப்பு இருந்தால்தான் ஆறு வயதுக் குழந்தைக்கு இது தெருவில் ஓடிப்பிடிப்பதிலிருந்து வேறு என்று புரியும். ஒலிம்பிக் அணிவகுப்பில் கிரீஸ் முதலில், நடத்தும் நாடு கடைசியில். வீட்டில் எல்லாரிலும் மூத்தவர் இருக்கும் அணி முதலில், போட்டியை நடத்தும் வீட்டுக்காரர் இருக்கும் அணி கடைசியில். 1920 ஆன்ட்வெர்ப்பில் வீரர்கள் முதன்முறையாக உறுதிமொழி எடுத்தார்கள். நடுவர்களுக்கான உறுதிமொழி 1972இல்தான் வந்தது. வீட்டில் ஒரு குழந்தை வீரர்கள் சார்பில் இரண்டு வரி சொல்லட்டும், நடுவர் தம் பங்குக்கு இரண்டு வரி.

தீபத்துக்குக் குத்துவிளக்கு. குடும்பத்தின் மூத்தவரும் கடைக்குட்டியும் சேர்ந்து ஏற்றலாம். பந்தம் ஏந்தி ஓடும் ஆசைக்கு, அட்டைக் கூம்பில் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த காகிதத்தைச் செருகினால் போதும். உண்மை நெருப்போடு யாரும் ஓடக் கூடாது.

காயம் இல்லாமல்

போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு இருவர் தரையை முழுக்க நடந்து பார்க்க வேண்டும்: கண்ணாடிச் சில்லு, ஆணி, கல், நெருஞ்சி முள், ஈரம். எறிதல் நடக்கும்போது எறிபவருக்கு முன்னால் யாரும் இருக்கக் கூடாது. ஈட்டியை எடுத்துவர ஒரே ஒருவர், அதுவும் நடுவர் சொன்ன பிறகுதான். இதய நோய், ரத்த அழுத்தம், அண்மையில் அறுவை சிகிச்சை உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே எதிலும் இறங்க வேண்டும். அவர்களுக்குப் போச்சாவும் நேரக்காப்பாளர் வேலையும் காத்திருக்கின்றன.

பானையில் மோர், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு, குடிநீர் எப்போதும் நிழலில் இருக்க வேண்டும். பானகம் போட்டால் குழந்தைகள் அந்தப் பக்கமே சுற்றிவரும். காலைச் சுற்றுக்கு முன் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரியாணியை மதியத்துக்கு வைத்தால், மாலைச் சுற்றுக்குள் அது செரிக்க நேரம் இருக்கும். பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி, பனிக்கட்டி கைக்கெட்டும் தூரத்தில். தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் 108.

ஒரு நாள் அட்டவணை

6.30 தொடக்க விழா. 6.45 உடலைத் தளர்த்தும் பயிற்சி. 7.00 நின்ற இடத்து நீளத் தாண்டல். 7.40 காகித ஈட்டி. 8.15 தட்டெறிதல். 8.40 முன்கூட்டிச் சொல்லும் நடை. விரும்புபவர்களுக்கு, புள்ளிக் கணக்கில் சேராது. 9.00 நிறுத்தம், குளியல். 11.00 கூடத்தில் போச்சா. 12.30 சாப்பாடு, ஓய்வு. 3.30 சலங்கைப் பந்து, நிழலில். 4.30 அமர்ந்து ஆடும் வாலிபால். 5.15 தொடர் ஓட்டம். 5.45 கயிறு இழுத்தல். 6.15 பதக்கம், நிறைவு விழா. போட்டிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியைக் குறைக்கக் கூடாது. பெரியவர்கள் பழைய கதைகளை எடுத்துவிடுவதும் குழந்தைகள் மறுபடி தாண்டிப் பார்ப்பதும் அப்போதுதான்.

நிறைவு விழா

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் முடியப்போகும் நேரத்தில் ஜான் இயன் விங் என்ற 17 வயது இளைஞர், தச்சு வேலை பழகிக்கொண்டிருந்தவர், அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நிறைவு நாளில் வீரர்கள் நாடு நாடாக வராமல் எல்லாரும் கலந்து ஒன்றாக நடந்து வரட்டும் என்பது அவருடைய யோசனை. அமைப்பாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இன்றுவரை ஒலிம்பிக் நிறைவு அணிவகுப்பு அப்படித்தான் நடக்கிறது.

வீட்டிலும் மாலையில் கொடிகளைச் சுருட்டி வைத்துவிட்டு, எல்லா அணியும் கலந்து ஒரு சுற்று நடக்கலாம். அதன்பின் ஒரு நீண்ட நோட்டை எடுத்து, தேதி, இடம், காற்றும் வெயிலும் எப்படி இருந்தன, ஒவ்வொருவரின் பெயர், வயது, தாண்டிய தூரம், ஓடிய நேரம், சொன்ன நேரம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுத வேண்டும். கடைசிப் பத்தியில் ஒவ்வொரு குழந்தையின் உயரம். அந்த நோட்டோடு புளியங்கொட்டைக் காலுறைகளையும் சலங்கைப் பந்தையும் ஒரு பையில் கட்டிப் பரணில் வைத்தால், அடுத்த ஆண்டு பாதி வேலை குறையும். பையைப் பரணில் ஏற்றுவதற்கு முன், அடுத்த போட்டியை எந்த வீடு நடத்துவது என்று சீட்டுக் குலுக்கி, அந்த வீட்டுக்காரரிடம் வேட்டித் துணிக் கொடிகளை ஒப்படைத்துவிடலாம்.